மூன்றாம் நாள் ஏன் மாற்ற வேண்டும்?
தாதியர் கூடி வாசிக்கும் ஆய்விதழ் வட்டம்

மாணவர்களே, மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அவருடைய புறங்கையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார்கள். நம் நாட்டில் அதைப் ‘பிரானுலா’ என்கிறோம். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் ‘பிளக்’ என்பார்கள். ‘கையில் ஊசி குத்தியிருக்கிறது’ என்று பெரியவர்கள் சொன்னாலும், உள்ளே ஊசி இருப்பதில்லை. குத்தும்போது வழிகாட்டிய ஊசியைத் தாதி உடனே உருவி எடுத்துவிடுவார். உள்ளே தங்குவது வளையக்கூடிய குழாய் மட்டும்தான். அது தங்கும் இடமும் நாம் வீட்டில் சொல்வதுபோல் ‘நரம்பு’ அல்ல; சிரை, அதாவது இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாளம்.

இந்தக் குழாயைப் பொறுத்தவரை ஓர் உரையாடல் பல ஆண்டுகளாக வார்டுகளில் நடந்து வந்திருக்கிறது.

“பாட்டி, இன்னிக்கு இதை எடுத்துட்டு வேற கையில போடணும்.”

“தண்ணி நல்லாத்தானே இறங்குது? வலியும் இல்ல. ஏன்மா மறுபடியும் குத்துறீங்க?”

“மூனு நாள் ஆயிருச்சு பாட்டி. மாத்தியாகணும்.”

வயதானவர்களின் சிரைகள் மெலிந்து, குத்தும்போது நழுவும். ஒரே முயற்சியில் கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்த வேண்டியிருக்கும். அந்தப் பாட்டியின் கேள்வி நியாயமானது. தாதியின் பதிலுக்குப் பின்னாலும் ஓர் அச்சம் இருக்கிறது. குழாய் அதிக நாள் உள்ளே இருந்தால் சிரை சிவந்து, வீங்கி, வலிக்கலாம். கிருமிகள் குழாயைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் இறங்கலாம். ஆகவே நாள் கணக்கு வைத்து மாற்றிவிடுவது பாதுகாப்பு என்று கருதினார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பதற்குச் சரியாக இருப்பது வேறு, சோதித்துப் பார்த்து உறுதி செய்தது வேறு. மூன்று நாள் என்ற கணக்கு இதில் எந்த வகை?

இந்த மாதிரிக் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டு, விடை தேடி ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வாசிக்கும் தாதியர் குழுக்கள் உலகின் பல மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அதற்கு ‘ஜர்னல் கிளப்’ என்று பெயர். நாம் ஆய்விதழ் வட்டம் என்போம்.

ரொட்டிக் கடையின் மாடியில்

ஆய்விதழ் என்பது நீங்கள் கடையில் வாங்கும் சஞ்சிகை போன்றது அல்ல. ஒரு மருத்துவரோ தாதியோ விஞ்ஞானியோ தாம் செய்த ஆய்வை எழுதி அனுப்புவார். அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். திருத்திய பிறகு அச்சாகும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் ‘பப்மெட்’ என்ற தேடுதளத்தில் மட்டும் இத்தகைய கட்டுரைகளைப் பற்றிய 35 மில்லியனுக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு நூறு கட்டுரை என்று விடாமல் படித்தாலும் ஒரு மனிதருக்கு ஆயுள் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருத்துவர்கள் இந்தச் சிக்கலை நெடுநாள் முன்பே உணர்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு அருகே ஒரு ரொட்டிக் கடையின் மாடியறையில் சிலர் கூடி ஆய்விதழ்களை வாசித்ததாக ஜேம்ஸ் பேஜட் என்ற அறுவை மருத்துவர் தம் நினைவுகளில் குறித்திருக்கிறார். மாலையானால் சிலர் அங்கேயே சீட்டு விளையாடுவார்களாம்! முறையான முதல் வட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, கனடாவின் மொன்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓஸ்லர் 1875-இல் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 26. தொடங்கியதற்கான காரணத்தில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களின் விலை அதிகம். தனியாக வாங்க அவரிடம் பணமில்லை. கூட்டாகப் பணம் போட்டு வாங்கிப் பகிர்ந்து படித்தார்கள்.

பணச் சிக்கல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. பல கட்டுரைகளின் சுருக்கம் இலவசம், முழுக் கட்டுரைக்குக் கட்டணம். மருத்துவமனை நூலகர் அறிமுகமானவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த ஆய்விதழ்கள் பெருகியதும் பெரிய உதவி.

தாதியர் இதற்குள் பின்னால்தான் வந்தார்கள். தாதி என்றால் மருத்துவர் சொன்னதைச் செய்பவர் என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. உண்மையில் எண்களோடு தாதிமைக்கு உள்ள உறவு பழையது. கிரிமியப் போரில் வீரர்கள் காயங்களால் இறந்ததைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகமாக இறந்தார்கள் என்பதை, வண்ண ஆப்புகளாக விரியும் வட்ட வரைபடத்தில் 1858-இல் காட்டியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்குடன் நிற்கும் படத்தையே நம் பாடநூல்கள் போடுகின்றன. அந்த வரைபடத்தையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

கேள்வியைக் கூர்மையாக்குதல்

மூன்று நாள் கேள்விக்கு வருவோம். வட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் முதலில் செய்வது, கேள்வியைச் சீவிக் கூர்மையாக்குவது. ‘பிரானுலாவை எப்போது மாற்றலாம்?’ என்பது தேடுதளத்தில் போட்டுத் தேட முடியாத அளவுக்குத் தொளதொளப்பான கேள்வி. அதை நான்கு துண்டாக உடைப்பார்கள். நோயாளி யார்? அவருக்கு என்ன செய்யப் போகிறோம்? அதை எதனோடு ஒப்பிடுகிறோம்? எந்த விளைவைப் பார்க்கிறோம்? இந்நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் ‘பைக்கோ’ என்பார்கள். இப்போது நம் கேள்வி இப்படி மாறிவிடும்: வார்டில் இருக்கும் பெரியவர்களுக்கு, தேவைப்படும்போது மட்டும் குழாயை மாற்றினால், மூன்று நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவதோடு ஒப்பிடும்போது, சிரை அழற்சி கூடுமா?

இந்தக் கேள்விக்கு நேராக விடை தேடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகளில் நடந்தது. தலைமை தாங்கிய கிளேர் ரிக்கார்ட் தாதிமைத் துறைப் பேராசிரியர். 2012-இல் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது.

மொத்தம் 3,283 நோயாளிகள். குலுக்கல் முறையில் அவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் மூன்றாம் நாள் வந்ததும் குழாயை மாற்றினார்கள். மற்றதில் வலி, வீக்கம், அடைப்பு, கசிவு என்று ஏதாவது தெரிந்தால்தான் மாற்றினார்கள். இல்லையென்றால் சிகிச்சை முடியும்வரை அப்படியே விட்டார்கள்.

குலுக்கல் எதற்கு? நீங்களே தாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த முறை என்று உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரை கிடைக்காமல் தவிக்கும் மெலிந்த பாட்டிக்கு மறுபடியும் குத்த மனம் வராது. அவரைத் ‘தேவைப்பட்டால் மட்டும்’ குழுவில் போடுவீர்கள். திடகாத்திரமான இளைஞர் மற்றக் குழுவுக்குப் போவார். முடிவில் ஒரு குழுவில் அழற்சி அதிகமாக இருந்தால், அது முறையின் குற்றமா அல்லது சிரையின் குற்றமா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கிப் போட்டால் மெலிந்தவரும் திடமானவரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பூவா தலையா போடுவது விளையாட்டாகத் தெரியலாம். ஆய்வுலகில் அது மனிதனின் இரக்கத்தையும் விருப்பத்தையும் கணக்கிலிருந்து விலக்கி வைக்கும் கருவி.

முடிவைப் பாருங்கள். தேவைப்படும்போது மட்டும் மாற்றிய 1,593 பேரில் 114 பேருக்குச் சிரை அழற்சி வந்தது. நாள் கணக்கில் மாற்றிய 1,690 பேரிலும் 114 பேர். கைக்கணிப்பானை எடுத்து வகுத்தால் முதலாவது 7.2 விழுக்காடு, இரண்டாவது 6.7 விழுக்காடு. இரண்டையும் 7 என்றே கட்டுரை முழுமையாக்கிச் சொல்கிறது.

‘ஆனாலும் 7.2 கொஞ்சம் அதிகம்தானே?’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.41 விழுக்காட்டுப் புள்ளி. இதே ஆய்வை வேறு 3,283 பேரிடம் மறுபடி நடத்தினால் அச்சுப் பிசகாமல் இதே எண் வராது; கொஞ்சம் கூடும், குறையும். அந்த ஊசலாட்டத்தையும் கணக்கில் சேர்த்து, உண்மையான வேறுபாடு −1.33 முதல் 2.15 வரை எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த எல்லைக்குள் பூச்சியமும் அடங்குகிறது. அதாவது வேறுபாடே இல்லாமலும் இருக்கலாம். இன்னொன்று: வேறுபாடு 3 விழுக்காட்டுப் புள்ளிக்குள் அடங்கினால் இரு முறைகளும் சமம் என்று ஏற்போம் என ஆய்வாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கோட்டை நகர்த்தக் கூடாது அல்லவா? பந்து போன இடத்துக்குக் கோல்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலாகிவிடும்.

ஆக, மூன்றாம் நாள் கட்டாயமாகக் குத்தியதால் அழற்சி குறைந்தது என்று சொல்ல இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. பாட்டி கேட்டது சரிதான் போலும்.

இங்கே வட்டம் முடிந்துவிடவில்லை. இனித்தான் சுவையான பகுதி. ‘அந்த நோயாளிகள் நம் நோயாளிகளைப் போன்றவர்களா?’ ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டோர். டிங்கிக் காய்ச்சலோடு குழந்தைகள் வார்டில் படுத்திருக்கும் ஆறு வயதுச் சிறுமியைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. ‘அங்கே ஒரு தாதி எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்? இங்கே எத்தனை?’ ‘வியர்வையில் பிளாஸ்திரி உரிந்து வருகிறதே, அதற்கு என்ன செய்தார்கள்?’ இவை எல்லாம் வார்டில் நின்று வேலை செய்பவருக்கு மட்டுமே தோன்றும் கேள்விகள். புள்ளிவிவரப் பேராசிரியருக்குத் தோன்றாது.

தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம்

ஒரு வட்டத்தைத் தொடங்க என்ன வேண்டும்? ஓர் அறை, ஒரு கட்டுரை, ஐந்தாறு பேர், கொஞ்சம் கறிபாப். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவருக்குப் பசிக்கும். பசியோடு யாரும் நம்பக இடைவெளியைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

பெரிய தடை நேரம்தான். நம் நாட்டின் பல மருத்துவமனைகளில் தாதியர் காலை, பிற்பகல், இரவு என மூன்று ஷிஃப்டுகளில் வேலை செய்கிறார்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. காலை ஷிஃப்ட் முடிந்து பிற்பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் வேளையில் மட்டும் இரு அணியும் சிறிது நேரம் வார்டில் இருக்கும். அனுபவமுள்ளவர்கள் அதையொட்டித்தான் கூட்டத்தை வைப்பார்கள். முப்பது அல்லது நாற்பது நிமிடம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. இரவு ஷிஃப்டில் இருப்பவருக்காகச் சிலர் அதே கட்டுரையை வேறொரு நாளில் மறுபடி பேசுகிறார்கள். சிலர் புலனக் குழுவில் கேள்விகளைப் போட்டு வைக்கிறார்கள். வார்டின் சிஸ்டரோ மேட்ரனோ ‘இது வேலை நேரத்தின் ஒரு பகுதி’ என்று ஒப்புக்கொண்டால் வட்டம் பிழைக்கும். ஓய்வு நேரத்தில் வந்து படி என்றால் நான்காம் மாதம் அறை காலியாக இருக்கும்.

நம் நாட்டுத் தாதியர் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். வாசிப்பு வட்டத்துக்கும் புள்ளி உண்டு என்று ஏற்பாடு செய்தால் வருகை கூடும். புள்ளிக்காக மட்டும் வருபவர் மூலையில் அமர்ந்து கைப்பேசியைத் தடவுவார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அங்கே இருக்கிறார். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ அவர் வார்டைப் பற்றிய கட்டுரை வரும்போது தலை நிமிர்வார்.

கட்டுரைத் தேர்வில்தான் பல வட்டங்கள் கவிழ்கின்றன. ஆர்வக்கோளாறில் முதல் கூட்டத்துக்கே நாற்பது பக்கக் கட்டுரையை எடுப்பார்கள். அல்லது தம் வார்டில் இல்லாத ஒரு சிகிச்சையைப் பற்றிய ஆய்வை எடுப்பார்கள். தொடக்கத்தில் குறுகிய கட்டுரை, தாங்கள் அன்றாடம் செய்யும் வேலையைப் பற்றியது, ஒரு வாரம் முன்பே கையில் கிடைத்துவிட வேண்டும். யாரோ ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து தேர்ந்தெடுத்தது என்றால் இன்னும் நல்லது. பிரிட்டனில் ‘காஸ்ப்’ என்ற அமைப்பு, கட்டுரையைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கான கேள்விப் பட்டியல்களை இலவசமாகத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது நீச்சல் குளத்தின் ஓரக் கைப்பிடி மாதிரி.

எண்களைக் கண்டு அஞ்சுவது இன்னொரு தடை. பட்டதாரித் தாதியர்கூடப் புள்ளிவிவர அட்டவணையைத் தாண்டி நேராக முடிவுரைக்குப் போய்விடுவதுண்டு. மேலே நாம் பார்த்த வகுத்தல் கணக்கைப் படிவம் இரண்டு மாணவரும் செய்யலாம். பல கட்டுரைகளின் சாரம் அவ்வளவுதான்: இந்தப் பக்கம் எத்தனை பேரில் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை பேரில் எத்தனை.

மொழியையும் சொல்ல வேண்டும். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பேச்சு எந்த மொழியில் இருந்தால் என்ன? மலாயும் தமிழும் சீனமும் கலந்து பேசும் வார்டில் வட்டமும் அப்படித்தான் பேச வேண்டும். தன் மொழியில் விளக்கிச் சொல்ல முடியாத ஒன்றை ஒருவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள்.

எல்லாவற்றையும்விட நுட்பமான தடை மரியாதை. ‘பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே’ என்று சொல்லித்தானே நம்மை வளர்க்கிறார்கள்? இருபது வருட அனுபவமுள்ள சிஸ்டர், “நாங்க அப்போலேர்ந்து இப்படித்தான் செய்யறோம்” என்றால், சென்ற மாதம் வேலையில் சேர்ந்த இளம் தாதி என்ன பேசுவார்? நல்ல வழிநடத்துநர் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார். விவாதத்தை மனிதர்மேல் வைக்காமல் கட்டுரைமேல் வைப்பார். “சிஸ்டர் சொல்வது தவறா?” என்று கேட்க மாட்டார். “இந்த மூன்றாம் பக்க அட்டவணை என்ன சொல்கிறது? வாசித்துக் காட்டுங்கள்” என்பார். இளையவர் வாசிப்பார்; எண் பேசும். யாருடைய முகமும் வாடாது. சிஸ்டருக்கும் ஒரு வேலை உண்டு: அந்த எண்ணுக்குள் வராத எத்தனையோ நோயாளிகளை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எந்த வகை நோயாளிக்குக் குழாய் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்காமல் விட்டால் நட்டம் இளையவருக்குத்தான்.

வாசித்ததால் மறுநாளே வார்டில் எல்லாம் மாறிவிடாது, மாறவும் கூடாது. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு தாதி தன்னிச்சையாக நடைமுறையை மாற்றினால் அது ஆபத்து. வட்டம் தான் கண்டதை ஒரு பக்கத்தில் எழுதித் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பும். அங்கே மருத்துவர்களும் நுண்ணுயிரியல் வல்லுநர்களும் மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அப்படித்தான் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி 2014-இல், பெரியவர்களுக்கு நாள் கணக்கில் அல்ல, தேவைப்படும்போது மாற்றினால் போதும் என்றது. ஆனால் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வராத இடங்களும் உண்டு. ஒரு வட்டத்தைச் சாகடிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ‘படித்தோம், பேசினோம், ஒன்றும் நடக்கவில்லை’ என்று இரண்டு முறை ஆனால், மூன்றாம் முறை யார் வருவார்?

ஜெனிவாவிலிருந்து ஒரு மறுப்பு

இத்தோடு கதை முடிந்திருந்தால் பாடநூலில் போட வசதியாக இருக்கும். 2021-இல் வேறொரு கட்டுரை வந்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் முதலில் நாள் கணக்கில் குழாயை மாற்றிவந்தன. 2018-இல் ‘தேவைப்படும்போது மட்டும்’ என்ற முறைக்கு மாறின. பிறகு இரத்தத்தில் கிருமித் தொற்று கூடுவதைக் கண்டு 2019-இல் பழைய முறைக்கே திரும்பின. திரும்பியதும் தொற்று குறைந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் பதிவுகளை ஆராய்ந்து இதை எழுதியிருந்தார்கள்.

இப்போது எதை நம்புவது? வட்டத்தில் அனல் பறக்கும் நாள் இதுதான்.

ஆஸ்திரேலிய ஆய்வு குலுக்கல் முறையில் நடந்தது. காரணத்தைக் கண்டறிய அது வலுவான முறை. ஜெனிவா ஆய்வில் குலுக்கல் இல்லை. முன்பு, பின்பு என்று காலத்தை வைத்து ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு பலம் இருக்கிறது. இரத்தத் தொற்று மிக அரிதாக வருவது; வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு வரும் ஒன்றை மூவாயிரம் பேரில் தேடினால் கண்ணில் படாமலே போகலாம். இலட்சக்கணக்கில் தேடினால்தான் தெரியும். மேலும் இரண்டு ஆய்வும் ஒரே விளைவைப் பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முதலாவது முதன்மையாகப் பார்த்தது சிரை அழற்சியை. இரண்டாவது இரத்தத் தொற்றை. ‘பைக்கோ’வின் நான்காம் துண்டு வேறு.

இதற்கு இன்னொரு விளக்கமும் சாத்தியம். ஆய்வு நடக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து குழாயைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். வழக்கமான வார்டில் மூன்று நாள் என்ற கெடு போய்விட்டால், பார்க்க வேண்டும் என்ற நினைவூட்டலும் சேர்ந்து போய்விடலாம். ‘தேவைப்படும்போது மாற்று’ என்றால் தேவையா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்தாக வேண்டும். தேவையில்லாமல் சும்மா இருக்கும் குழாயை அன்றே எடுத்தாக வேண்டும். இது தாதியின் கண்ணை நம்பிய முறை. தாதியர் பற்றாக்குறை உள்ள வார்டில் அந்தக் கண்ணுக்கு நேரம் கிடைக்குமா? ஜெனிவாவில் நடந்ததும் அதுதான் என்று நிரூபணம் இல்லை. ஆயினும் ஒரு வட்டம் இதைக் கேட்டால், அடுத்து தங்கள் வார்டிலேயே எண்ணிப் பார்க்கத் தோன்றும்: இன்று கையில் குழாயோடு எத்தனை பேர்? அதில் எத்தனை குழாய்களுக்கு உண்மையில் வேலை இருக்கிறது? எத்தனைக்குப் பார்வையிட்ட குறிப்பு இருக்கிறது? ஒரு மாலையில் எடுத்துவிடக்கூடிய கணக்கு இது.

உங்களுக்கு ஒரு கட்டுரை

மருத்துவமனைக்குப் போகாமலே நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். அறிவியல் கழகத்தில் நான்கு பேர் சேருங்கள். கீழே உள்ளதை நிஜமான தாதியர் வட்டங்கள் பேசக்கூடிய ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரின் உடல் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால், தோலுக்கு இரத்தம் போகாமல் படுக்கைப் புண் வரும். அதைத் தடுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். இரவிலும் அப்படியே, அயர்ந்து தூங்குபவரை எழுப்பித்தான் புரட்ட வேண்டும். புரட்டுபவர்களின் முதுகும் வலிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அழுத்தத்தைக் குறைக்கும் அடர்நுரை மெத்தையில் படுத்திருந்த 942 முதியவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிய 321 பேரில் 8 பேருக்குப் புண் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிய 326 பேரில் 2 பேர். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிய 295 பேரில் 9 பேர்.

மூன்றையும் விழுக்காடாக்குங்கள். ‘மூன்று மணி நேரமே சிறந்தது’ என்று தலைப்பிட்டு எழுத உங்களில் ஒருவருக்குக் கை துறுதுறுக்கும். எழுதலாமா? மூன்று குழுவிலும் சேர்த்து 19 பேருக்குத்தான் புண் வந்தது என்பதையும், ஆய்வாளர்கள் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடிவு சொன்னார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாதாடுங்கள். சாதாரண மெத்தையில் படுத்திருக்கும் உங்கள் தாத்தாவுக்கு இந்த எண்கள் பொருந்துமா என்பதையும் ஒருவர் கேட்கட்டும்.